வியாழனில் ஒரு வயது

காலை ஆறு மணி. மில் சங்கு ஊதியபோது கண் விழித்தேன். முதலில் தெரிந்தது தலைக்கு மேலிருந்த தென்னங்கீற்று. முந்தின நாள் மாமா வெட்டி வந்து கட்டியது, பச்சை மாறவில்லை. பெரியவளான பெண்ணைத் தனியே உட்கார வைக்கும் குச்சு அது. எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்தது. எழுந்து நின்றால் தலை இடிக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

மதுரையில் எங்கள் தெருவுக்கு நேரம் சொன்னது அந்தச் சங்கும், ஒன்பதரைக்கு அடிக்கும் மிஷன் பள்ளிக்கூடத்து மணியும்தான். இரண்டும் குச்சுக்குள் கேட்டன. மணி கேட்டதும் பழக்கத்தில் எழுந்து, இடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தேன்.

சில நாள் கழித்து, கூடப் படித்தவள் மதிலுக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள்.

"ஏய், எப்ப வருவ? டீச்சர் கேட்டாக."

"அம்மா இந்த வருசம் முடியட்டும்னுதான் சொல்லுது. அத்தைதான் விட மாட்டேங்குறாக. இன்னைக்கு என்ன பாடம்?"

"கிரகம். வியாழன்ல பத்து மணி நேரத்துக்குள்ள ஒரு நாள் முடிஞ்சிருமாம். ஆனா ஒரு வருசத்துக்கு நம்ம பன்னெண்டு வருசமாம்டி!"

அவள் போன பிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாள் வருவதற்குள் நடந்து, பேசி, வாய்ப்பாடு ஒப்பித்து, ஆறாம் வகுப்புக்கு வந்துவிடும். இருந்தாலும் கணக்குக்குக் கைக்குழந்தை. அதற்கு யாரும் மாப்பிள்ளை பார்க்க முடியாது.

அந்த வாரம் ஜோசியர் வந்தார். பின்கட்டில் அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"பிள்ளைக்கு வியாழ நோக்கம் வந்திருச்சு. வைகாசிக்குள்ள முடிச்சிருங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வியாழ நோக்கம் என்றால் கல்யாண வேளை என்று அர்த்தம். அதைச் சொல்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. அந்த வியாழனும் டீச்சர் சொன்ன வியாழனும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓலை இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்.

"அம்மா! வியாழன்ல எனக்கு ஒரு வயசுதான் ஆகுது! என்னையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க!"

முதலில் சிரித்தது அத்தை, மாமாவின் மனைவி. அவர் மகனுக்குத்தான் என்னைக் கேட்டிருந்தார்கள்.

"ஒரு வயசுப் பிள்ளைக்கு இம்புட்டு வாயா? வா மருமகளே, தொட்டில் கட்டி ஆட்டுறேன்."

ஜோசியர் சிரிக்கவில்லை. "யாரு தாயி சொன்னாக?"

"டீச்சர்."

"சரியாத்தான் சொல்லியிருக்காக. பன்னெண்டு வருசத்துக்கு ஒரு சுத்து. நீ பொறந்தப்ப இருந்த எடத்துக்கு வந்துட்டு, இப்ப அடுத்த ராசிக்குப் போறாரு. அதான் நோக்கம்."

பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாகளா? அப்பச் சரிதான்."

அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி அம்மா பேசவில்லை. தலைக்கு மேலே கீற்று மஞ்சளாகி, நுனியிலிருந்து பழுத்துக்கொண்டு வந்தது. பதினாறாம் நாள் மாமா குச்சைப் பிரித்தார். காய்ந்த ஓலையை அத்தை வெந்நீர் அடுப்பில் வைத்தார். பள்ளிக்கூடத்து மணி அடித்தபோது என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

வியாழன் இரண்டாம் சுற்றை முடித்தபோது என் மூத்த மகளுக்குப் பத்து வயது.