லெகெசெயின் இன்னொரு பெயர்

அடாமா ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் தெருவில், முதியவர் லெகெசெ இறந்துபோனது வியாழக்கிழமை காலையில் தெரிந்தது. அடுத்த அறையில் குடியிருந்த ஜெனெபெச் காபி கொடுக்கப் போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. உள்ளே ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கோப்பை, சுவரில் மிக்கேல் தூதர் படம். மார்பின் மேல் சங்கீதப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. அவருக்கு வயது அறுபத்தாறு.

தெருவில் யார் இறந்தாலும் காரியம் பார்க்கும் சாவுச் சங்கத்தார் பத்து மணிக்குள் முற்றத்தில் கூடாரம் போட்டுவிட்டார்கள். பிற்பகலிலேயே அடக்கம். பாதிரியார் வந்ததும் முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"ஞானஸ்நானப் பேரு என்னம்மா?"

"லெகெசெ, சாமி."

"அது ஊர் கூப்பிட்ட பேரு. அதைச் சொல்லி மேலே யாருன்னு ஒப்படைப்பேன்?"

ஞானஸ்நானப் பெயரை எங்களில் யாரும் வெளியே சொல்வதில்லை. கெட்டவர் காதில் விழுந்தால் அதை வைத்துச் சூனியம் செய்வார்கள் என்ற பயம். வீட்டாருக்குத் தெரியும், பாவம் கேட்கும் ஆன்மத் தந்தைக்குத் தெரியும். நற்கருணை வாங்கும்போது பாதிரியார் காதில் சொல்வதுண்டு. நூறு பேர் வரிசையில் அது யார் நினைவில் நிற்கும்? ஆனால் கடைசி ஜெபம் அந்தப் பெயரில்தான் நடக்க வேண்டும்.

லெகெசெயின் மனைவியும் மகளும் முன்பே இறந்துவிட்டார்கள். ஆன்மத் தந்தை போன வருடம் காலமானார். வேறொருவரைத் தேடிக்கொள்ளச் சொல்லி ஜெனெபெச் நச்சரித்திருக்கிறாள். "அவர்கிட்ட சொன்னதை எல்லாம் இன்னொருத்தர்கிட்ட முதல்லேருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

வருடத்தில் பாதி நாளுக்கு மேல் நோன்பு இருந்தவர். ஜிபூத்தித் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய நாட்களிலும், இரும்பு தொட்டால் தோல் உரியும் வெயிலில், நோன்பு நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு முன் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அப்படிப்பட்டவர் பெயரில்லாமல் போவதா என்பதுதான் கூடாரம் முழுக்கப் பேச்சு.

பேத்தி மஸ்தவால் பெய்ரூத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஏழு வயதில் தாயை இழந்து தாத்தாவிடம் வளர்ந்தவள். ஜெனெபெச் போன் செய்தாள். முதலில் அழுகை மட்டும் வந்தது.

"ரெண்டு தடவ கேட்டிருக்கேன் அத்தை. பேரு தெரிஞ்சா தூக்கிட்டுத் திரியணும், உனக்கு எதுக்கு அந்தப் பாரம்னு சொல்லிட்டாரு. ஹுமெத் மாமாகிட்ட கேளுங்க. தாத்தா அவரோடதான் அதிகம் பேசுவாரு. என்னால வர முடியாது அத்தை, பாஸ்போர்ட்டை வீட்டுக்காரம்மா வாங்கி வச்சிருக்கு. பேரையாவது கண்டுபிடிச்சுடுங்க."

ஹுமெத் அஃபார் இனத்து முஸ்லிம். இருபது வருடம் லெகெசெயின் லாரிக்குப் பின்னாலேயே தன் லாரியை ஓட்டியவர். ஜெனெபெச் அவருக்கும் போன் செய்தாள்.

"அவன் பேரு எனக்கு எப்படித் தெரியும்? மகா அழுத்தக்காரன். நாங்க வருஷத்துல ஒரு மாசம் நோன்பு இருக்கோம், நீ ஒரு மாசம்தான் சாப்பிடறேன்னு கிண்டல் பண்ணுவேன், அதுக்கும் சிரிக்க மாட்டான்." பிறகு ஒன்று ஞாபகம் வந்து தொடர்ந்தார். "அவாஷ் இறக்கத்துக்கு முன்னாடி ஒரு மிக்கேல் கோயில் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அங்க நிறுத்துவான். நான் வெளியே காஞ்சுகிட்டு நிப்பேன். உன் கடவுளுக்குக் காது மந்தமா, இவ்வளவு நேரமான்னு கேட்டேன். பேரு நிறைய இருக்குடான்னான்."

பாதிரியார் தாமே அந்தக் கோயிலுக்குப் போன் செய்து பேசினார். அங்கிருந்த முதிய பாதிரியாருக்கு லாரிக்காரரை நன்றாக நினைவிருந்தது.

"ஜெபத்துல சொல்லச் சொல்லி ஒன்பது பேரு கொடுப்பாரு. சோமாலியாக்காரனோட நடந்த சண்டையில கணவாய்ல பத்துப் பேரு ஒரே பதுங்குகுழியில இருந்தாங்களாம். அப்ப பட்டாளத்துல ஜெபம்னு வாயெடுத்தாலே தண்டனை. அதனால மறுநாள் தாக்குதல்னு தெரிஞ்சதும் ஆளுக்கு ஆள் ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக்கிட்டாங்க. மிஞ்சுறவன் கோயில்ல சொல்லணும்னு பேச்சு. இவரு ஒருத்தர்தான் மிஞ்சினாரு."

"இவர் பேரு?"

"கேட்டேனே. நான்தான் உயிரோட இருக்கேனே, அதுக்கு என்ன அவசரம் சாமின்னுட்டாரு."

அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை. பாதிரியார் ஒன்பது பெயர்களையும் சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. கூட்டம் பெரிதுதான், சங்கத்தில் பெயர் இருந்தால் எல்லோரும் வந்தாக வேண்டும். அவரோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டவர்களைத் தேடினால் ஜெனெபெச்சோடு நின்றுவிடும். ஹுமெத் தொலைவிலுள்ள மில்லே ஊரிலிருந்து கிளம்பியிருந்தார், வந்துசேர மாலையாகிவிடும்.

குழிக்கு முன்னால் பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கி, பெயர் வரும் இடத்தில் நிறுத்தினார். தாளைப் பார்த்து ஒன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, "இவர்களைக் கொண்டுவந்து சேர்த்த உம் ஊழியன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். மண் விழத் தொடங்கியது.

கூடாரத்துக்குத் திரும்பியபோது ஜெனெபெச்சின் போன் அடித்தது.

"முடிஞ்சுதா அத்தை?"

"முடிஞ்சுதும்மா. நல்ல கூட்டம்."

"பேரு கிடைச்சுதா? அதைச் சொல்லித்தானே செஞ்சாங்க?"

ஜெனெபெச் கூடாரத்தைப் பார்த்தாள். பெண்கள் அவித்த கோதுமையைக் கை கையாக வழங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்மா. சொன்னாங்க."

"என்ன பேரு?"

"அழுகைச் சத்தத்துல எனக்குச் சரியாக் காதுல விழல."

"நாளைக்குச் சாமிகிட்ட கேட்டு வைங்க அத்தை. நான் எழுதி வச்சுக்கறேன். இனிமே கோயில்ல நான்தானே சொல்லணும்."

"கேக்கறேன்" என்றாள் ஜெனெபெச்.