மெக்கானிக் வண்டியில் என் பம்ப்

என் பழைய அம்பாசடர் அடிக்கடி நின்றதால், மைசூர் தேவராஜ மொஹல்லாவில் பழக்கமான மெக்கானிக் முனிராஜிடம் விட்டேன். "ஃபியூல் பம்ப் போயிடுச்சுக்கா, புதுசு மாட்டிட்டேன்" என்றார். கழற்றிய பம்ப்பை நான் கேட்கவில்லை.

அடுத்த வாரமே, அம்மாவோடு போகும்போது குண்டலுபேட்டை தாண்டிக் காட்டுச் சாலையில் வண்டி நின்றது. புது பம்ப்பிலிருந்து சூடான என்ஜின்மேல் பெட்ரோல் ஒழுகியது. தீப்பிடிக்காமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவந்தார்.

ஆயுதபூஜைக்கு மைசூரில் பானெட்டைத் திறந்து என்ஜினுக்கும் குங்குமம் வைப்போம். அன்று முனிராஜின் ஷெட்டுக்குப் போனேன். அவருடைய சொந்த அம்பாசடரும் திறந்திருந்தது. உள்ளே, 'போயிடுச்சு' என்று அவர் சொன்ன என் பம்ப்! மூடியில் நான் பூசிய பச்சை பெயிண்ட் அப்படியே இருந்தது.

வாடிக்கையாளர்கள் முன்னால் ஸ்பானர் கேட்டேன்.

"பேடக்கா, வேணாம்! பூஜை போட்ட வண்டி!" என்று கெஞ்சினார்.

"காட்டுல நின்ன வண்டியில எங்க அம்மா இருந்தாங்க" என்று சொல்லி, நட்டுகளை நானே கழற்றி, என் பம்ப்பை எடுத்துக்கொண்டேன். மாலை போட்ட அவர் வண்டி அன்று நகரவே இல்லை.

இப்போது கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் எந்த ஷெட்டிலிருந்தும் கிளம்புவதில்லை. ஆயுதபூஜைக்கு மட்டும் முனிராஜிடம் தவறாமல் போகிறேன். எல்லோர் முன்னாலும் அவர் வண்டியின் பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருப்பது யாருடைய பம்ப் என்று கேட்டுவிட்டு, அதற்கு நானே குங்குமம் வைக்கிறேன்.