என் கதவில் கரியால் எழுதியது

மேல்மலையில் மண் சரிந்த அடுத்த கிழமை, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைப் பார்க்க அதிகாரிகள் வருவதாகச் சொன்னார்கள். எங்கள் அறையின் பின்சுவரில் கை நுழையும் அளவு வெடிப்பு. மருமகள் கொழுந்தெடுக்கப் போயிருந்த நேரத்தில் மண் குழைத்து அடைத்து, சுண்ணாம்பு பூசி, அதை மறைத்து விறகை அடுக்கினேன்.

எனக்கு அந்த ஆட்களிடம் நம்பிக்கை இல்லை. முன்பு தோட்டத்து டிஸ்பென்சரியில் என் வீட்டுக்காரருக்கு 'அன்ஃபிட்' என்று துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அன்றோடு வேலையாட்களின் செக்ரோல் பதிவில் அவர் பெயர் இல்லை. ஃபிட் என்றால் வேலை, முன்னால் 'அன்' வந்தால் வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான்.

வந்தவர்கள் கதவுகளில் தாள் ஒட்டிப் போனார்கள். மாலையில் மருமகள் வாசித்தாள்.

"நம்மளுது சேஃப், அத்தை. பக்கத்து வீடு அன்சேஃப். அவங்கள ஸ்கூல்ல போய்த் தங்கச் சொல்லிட்டாங்க."

"பாத்தியா? அன் போட்டா வெளிய தள்ளிடுவாங்க."

"சுவரு விழும்னுதானே போகச் சொல்றாங்க? ஒரே சுவரு, அவங்களுக்கு விழுந்தா நமக்கு விழாதா?"

நான் விறகை இன்னும் நெருக்கி அடுக்கினேன்.

மறுபடி மழை பிடித்தது. மூன்றாம் நாள் விறகு சரிந்து, பூசிய மண் பெயர்ந்து விழுந்தது. வெடிப்பில் இப்போது முழங்கை போகும். மருமகள் தலை வைத்துப் படுக்கும் இடம் அதற்கு நேர் கீழே.

அவள் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்கதான் பூசினீங்களா? என்னையும் சேத்துப் பொதைக்கப் பாத்தீங்களே அத்தை!"

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தேன். பக்கத்துக் கதவைப் பார்த்துப் பார்த்து, எங்கள் தாளில் இருந்த சொல்லுக்கு முன்னால் அந்த இரண்டு எழுத்தையும் போட்டேன்.

மறுநாள் வந்த சிங்கள அதிகாரி தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "யாரு எழுதினது அம்மே? புது வீடு வேணுமா?"

நான் அவரைச் சந்தேகப்பட்டதுபோலவே அவரும் என்னை. உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன். குடையை விட்டுப் பார்த்தார், பிடிவரை போனது. அன்சேஃப் என்று வேறு தாள் ஒட்டினார்.

மூட்டையோடு ஸ்கூலுக்குக் கிளம்பும்போது கதவைப் பூட்டினேன்.

"பின்சுவரே பொளந்து கெடக்கு, பூட்டு எதுக்கு அத்தை?"

சாவி இப்போதும் என் இடுப்பில்தான் இருக்கிறது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்களிடம், தோட்டத்தார் வேறு பூட்டுப் போடாமல் என் பூட்டே இருக்கிறதா என்று தினம் கேட்கிறேன்.