முழங்கை உயரத்தில் ஒரு வேலி

ரியாசுதீன் கட்டில் காலை எடுத்துக் கன்னத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார். கடைசல் முடிந்த எந்தச் சாமானையும் அவர் கையால் தடவிச் சோதிப்பதில்லை. "முப்பது வருஷமா உளி புடிச்ச கை இது. இதுக்குச் சொரசொரப்பு எங்க தெரியப்போவுது? கன்னம் சொல்லும்." எங்கோ ஒரு சிலும்பு உறுத்தியிருக்க வேண்டும். கால் மறுபடியும் எந்திரத்தில் ஏறுகிறது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கிறது பட்டறை. தகரக் கூரை, ஒரு பழைய மோட்டார், கணுக்கால் வரை மரச்சீவல். அவலூர்பேட்டை பஸ்ஸின் மேல் கட்டைகள் வந்து இறங்கும். தொட்டில் கம்பு, பூரிக்கட்டை, பம்பரம், நடைவண்டி என்று அவை வெளியே போகும். ரியாசுதீனின் காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். பட்டறைக்குள் பற்றவைத்ததில்லை. கரண்ட் போனால் மனைவி முன்னி வந்து கயிற்றைச் சுற்றி இழுப்பார், எந்திரம் சுற்றும். "மோட்டார் ஓடுறப்ப ஒரு பேச்சும் காதுல வுழாது. கரண்டு போனாத்தான் இவகிட்ட நாலு வார்த்த பேச முடியுது" என்பார் ரியாசுதீன். "நாலு வார்த்தையா? இழுத்து இழுத்து என் தோளு போச்சு" என்பார் முன்னி. கயிற்றை மட்டும் விடமாட்டார்.

யார் என்ன கேட்டு வந்தாலும் ரியாசுதீன் அளவைக் கேட்பதில்லை. "யாருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். பூரிக்கட்டை வேண்டுமென்றால், "மாவு தேய்க்கறது யாரு? அவங்கள வரச் சொல்லு, கையப் பாக்கணும்" என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. கோபித்துக்கொண்டு போனவர்கள் மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் புரட்டாசி பிறந்ததும் வசந்தா டீச்சர் வந்தார். பெண்கள் பள்ளியில் கணக்கு எடுப்பவர். கூடவே ஆறு வயது மகள் தேன்மொழி. இளம்பிள்ளைவாதம் வந்த இடது காலில் இரும்புப் பட்டை போட்ட ஷூ.

"பாய், கொலுவுக்கு முன்னாடி பார்க் போடுவோம் இல்லையா, அதைச் சுத்தி ஒரு வேலி வேணும். ஒரு சாண் உயரம். அழகா இருக்கணும்."

"யாருக்கும்மா?"

"யாருக்கா? பொம்மைக்குத்தான்."

பிறகு அவரே சொன்னார். போன வருஷம் கொலு வைத்த மூன்றாம் நாள், மேல் படியில் இருந்த கிருஷ்ணரைப் பார்க்கிறேன் என்று இவள் எட்டியிருக்கிறாள். கால் மடங்கிப் படிகளின் மேலேயே விழுந்துவிட்டாள். ஏழு பொம்மைகள் உடைந்தன, டீச்சரின் கல்யாணச் சீர் பொம்மைகள் உட்பட. "ஆத்திரத்துல நாலு வார்த்தை சொல்லிட்டேன் பாய். அன்னிக்கு அந்த ரூமை விட்டுப் போனவ, கொலு முடியற வரைக்கும் உள்ள வரலை. இந்த வருஷம் கொலுன்னு பேச்செடுத்தாலே எழுந்து போயிடறா. நடுவுல ஒரு வேலி இருந்தா எனக்கும் பயம் இல்லை பாருங்க."

ரியாசுதீன் டீச்சரைப் பார்க்கவில்லை. தேன்மொழி பட்டறைப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கையை மாற்றி மாற்றி வைத்து, ஓரமாகவே நகர்ந்து பம்பரங்கள் இருந்த மூலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பலகை முடிந்த இடத்தில் அவளும் நின்றாள். பம்பரம் இன்னும் இரண்டடி தள்ளி இருந்தது. அதைப் பார்த்தாள். திரும்பிவிட்டாள்.

அவர் எழுந்து போய் வெவ்வேறு பருமனில் நாலு கம்புகளை அவள் முன் நீட்டினார். "இதுல எது உன் கைக்கு நல்லா இருக்குது, புடிச்சுச் சொல்லு பாப்பா." மூன்றாவதை அவள் விரல்கள் முழுக்கச் சுற்றிக்கொண்டன. அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அவள் முழங்கை பலகையின் காலில் எவ்வளவு உயரத்தில் படுகிறது என்று பார்த்து அங்கேயும் ஒரு கோடு போட்டார்.

"எப்ப கிடைக்கும் பாய்?"

"ஆனப்ப ஆவும்மா. கொலுவுக்கு முன்னாடி ஆயிடும்."

அந்தப் பன்னிரண்டு நாட்களில் கட்டில் வேலையெல்லாம் ஓரமாகக் கிடந்தது. பாலை மரத்தில் இருபத்தெட்டுத் தூண்கள் கடைந்தார். ஒவ்வொன்றுக்கும் உச்சியில் ஒரு மொட்டு. சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் உருகி நிறம் பிடித்துக்கொள்ளும். தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை. மேலே ஓடிய கைப்பிடிக்கு மட்டும் நிறம் போடவில்லை. "அரக்கு போட்டா வேர்த்த கைக்கு வழுக்கும்" என்றார். முன்னி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "டீச்சரம்மா சாண் ஒசரம் கேட்டாங்க. நீ மூணு சாணு ஏத்தி வெச்சிருக்கிற. வாணாம்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவ?"

"தெரியல" என்றார் ரியாசுதீன். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

மகாளய அமாவாசைக்கு முதல்நாள் தள்ளுவண்டியில் வேலி வந்து இறங்கியபோது வசந்தா டீச்சரின் முகம் மாறிவிட்டது. "என்ன பாய் இது? கீழ்ப்படி பொம்மை ஒண்ணுகூடத் தெரியாது. நான் கேட்டது ஒரு சாண்."

"வெச்சுப் பாருங்கம்மா. புடிக்கலன்னா நானே தூக்கிக்கினு போயிடறேன்."

வாடகை வீடு, தரையில் ஆணி அடிக்க முடியாது. தூண்களை ஓர் அகலப் பலகையில் இறுக்கிக் கொண்டுவந்திருந்தார். பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் பார்க்குக்கான மணலைக் கொட்டினார். இரண்டு மூட்டை. பிறகு, பார்த்துக்கொண்டிருந்த டீச்சரின் கணவர் அரிகிருஷ்ணனிடம், "சார், சாஞ்சு பாருங்க" என்றார். அரிகிருஷ்ணன் கனத்த மனிதர். முதலில் கையை வைத்தார், பிறகு முழு உடம்பையும் சாய்த்தார். வேலி அசையவில்லை. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

கைப்பிடியின் ஒரு முனை அறை வாசலில் தொடங்கி, வளைந்து, மேல் படிக்கு அருகில் போய் முடிந்திருந்ததை டீச்சர் அப்போதுதான் கவனித்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் காபி இருந்தது. "பொம்மையை ஒரு படி மேல ஏத்தி வெச்சுக்கறேன் பாய்" என்றார்.

முதல் மூன்று நாட்கள் தேன்மொழி வாசலிலேயே நின்றாளாம். நாலாம் நாள் கைப்பிடியைத் தொட்டாளாம். அதற்குப் பிறகு மணலில் கூழாங்கற்களை அடுக்கிச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கட்டியது, மலையடிவாரத்தில் கேழ்வரகு விதைத்தது, கிருஷ்ணரின் இடத்தை மூன்று முறை மாற்றியது எல்லாம் அவள்தான்.

விஜயதசமி அன்று வரச் சொல்லி ஆள் விட்டிருந்தார்கள். ரியாசுதீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னியோடு போனார். அறை நிறையப் பெண்கள். அவர் வாசலுக்கு அருகில், வேலி தொடங்கும் முனைக்கு இரண்டடி தள்ளி நின்றார். முன்னி பொம்மைகளைப் பார்த்தார். ரியாசுதீன் பார்த்தது கைப்பிடியின்மேல் நகர்ந்துவந்த சின்னக் கையை. மறு கையில் வாழையிலைத் துண்டில் சுண்டல். அவருக்குத்தான் கொண்டுவந்தாள்.

முனைக்கு வந்ததும் நின்றாள். அதற்கு மேல் பிடிக்க ஒன்றுமில்லை. வசந்தா டீச்சர் பதறி எழுந்தார். முன்னிக்கும் கை நீண்டுவிட்டது. ரியாசுதீன் முன்னியின் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, அவள் வருவதற்காகக் காத்திருந்தார்.