ஸாஹிரா தாத்தா இடம் மாற்றிய சேர்வர்

ஸாஹிரா தாத்தா மௌத்தான செய்தி எனக்கு ஒரு கேள்வியோடுதான் வந்தது. "ஸாஹிரா மிஸ் காலமாகிட்டாவாம். அவட பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்கு?" என்று எங்கள் முகாமையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஆழ்ந்த அனுதாபம் பின்னேரம்தான் வந்தது, கம்பனியின் முகநூலில், பூப் படத்தோடு.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கற்பிட்டியைச் சேர்ந்தவர், எங்கள் மீன் ஏற்றுமதிக் கம்பனியின் வலையமைப்புப் பொறியியலாளர். மூத்த சகோதரியைத் தாத்தா என்பது எங்கள் வழக்கம். நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். கம்பனிக்குப் புத்தளத்தில் சொந்தச் சேர்வர் அறை இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பிரிவும் கிளவுடில் தனித்தனிக் கணக்கு எடுத்தது. கணினிகள் ஒன்றையொன்று பெயர் சொல்லித்தான் தேடும். பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். கிளவுடில் கேட்கும் பெயருக்குப் புத்தளமும், புத்தளத்தில் கேட்கும் பெயருக்குக் கிளவுடும் பதில் சொல்ல வழி அமைத்தவர் அவர்.

"வேலை செய்யல்ல" என்று யார் போய் நின்றாலும் அவர் முதலில் கேட்பது, "எங்க இருந்து கேட்டீங்க?" ஒரே பெயருக்கு ஒரு பக்கம் சரியான பதிலும் மறுபக்கம் பிழையான பதிலும் வரலாம். சாப்பாட்டுக் கடையில் மீன் முடிந்துவிட்டது என்று நான் சொன்னபோதும் விடவில்லை. "எங்க இருந்து கேட்டீங்க? உள்ளுக்குப் போய்க் கேளுங்க." மீன் இருந்தது.

படகுப் பிரிவு புதிய கணக்கு எடுத்தபோது, புத்தளத்துப் பெயர்களைப் புத்தளத்திடமே கேட்கும் விதியை அதிலும் இணைக்க வேண்டும் என்றார் தாத்தா. முகாமையாளருக்கு அவசரம். பெயர்களையும் முகவரிகளையும் பிரதி எடுத்து அந்தக் கணக்குக்குள் போடச் செய்தார். "பிரதி எடுத்த பேர் இண்டைக்குச் சரியா இருக்கும், நாளைக்குப் பொய் சொல்லும்," என்றார் தாத்தா. முகாமையாளர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டே, "பிறகு பாப்பம் மிஸ்," என்றார். அந்தப் போத்தலைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது எனக்கு.

சில மாதங்களில், படகுகளின் அவசர அழைப்புகளை வாங்கும் புத்தளத்துச் சேர்வர் பழுதாகத் தொடங்கியது. தாத்தா எல்லோருக்கும் அறிவித்துவிட்டு அதைப் புதிய முகவரிக்கு மாற்றினார். பிரதி மட்டும் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மீன் தரும் கண்டக்குழி மீனவர் அன்ரன், கடலில் இயந்திரம் நின்றுபோன படகிலிருந்து, கம்பனி பூட்டிக் கொடுத்த அவசரப் பொத்தானை அழுத்தினார். அழைப்பு புத்தளத்துக்கு வந்தது. அதை எடுத்து எங்கள் கைபேசிகளுக்கு அனுப்ப வேண்டிய கிளவுட் செயலியோ யாருமில்லாத முகவரியில் தேடிக்கொண்டிருந்தது. அன்ரனும் தம்பியும் நீரோட்டத்தில் இழுபட்டுப் போனார்கள். வேறொரு படகு தற்செயலாகக் கண்டதால் பிழைத்தார்கள்.

"சேர்வரை மாத்தினது ஸாஹிரா மிஸ்," என்றார் முகாமையாளர், விசாரணைக் கூட்டத்தில். உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் அவர் பொய்யைக் கட்டினார். தாத்தா மடிக்கணினியைத் திறந்து இரண்டு பக்கத்திலிருந்தும் அதே பெயரைக் கேட்டுக் காட்டினார். புத்தளத்தில் புதிய முகவரி, படகுக் கணக்கில் பழையது. நானும் எழுந்து பேசினேன். எங்கள் இருவரையும் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். பழி அவர் மேல் விழுந்தது; கண்டக்குழிக்கும் அப்படியே சொல்லியனுப்பினார்கள். அடுத்த மாதமே அவர் சொன்ன விதியை எல்லாக் கணக்குகளிலும் இணைத்தார்கள், முகாமையாளரின் யோசனை என்று. வெட்கம் கெட்டவர்கள்.

ஜனாஸா வீட்டு முற்றத்தில் அன்ரனைக் கண்டேன். "அவ விட்ட பிழையாலதான் எண்டு சொன்னாங்க. எண்டாலும் மனம் கேக்கல்ல, வந்தன்," என்றார். அங்கேயே நின்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். முகாமையாளர் பக்கத்து வரிசைக் கதிரையில்தான் இருந்தார். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

அன்ரன் நேரே வாசலில் நின்ற தாத்தாவின் மகனிடம் போனார். அவரைக் கண்டதும் மகன் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி, அந்தப் படகில இருந்தவன் நான். உங்கட உம்மா பிழை விடல்ல. அவவுக்குச் சொல்லத்தான் பிந்திட்டன்." அதுவரை வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்த மகன் அப்போதுதான் அழுதார்.

நண்பர்களே, அவருக்காக துஆக் கேளுங்கள். ஆனால் அவரைப் பொறுமைசாலி என்று முகநூலில் எழுதாதீர்கள். அவர் பொறுத்துப்போகவில்லை, கடைசி வரை மறுத்துக்கொண்டே இருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மறுப்பைத்தான். எந்தக் கூட்டத்தில் அவர் மேல் பழியை ஏற்றினார்களோ, அதே கூட்டத்தில் அதை வாய்விட்டு இறக்கும் வரை நான் கதிரையில் இருக்கப் போவதில்லை. நின்றுகொண்டுதான் பேசுவேன்.