தாழ்ந்த குரலில் வாசித்த தீர்ப்பு

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவுக்கு பைபிள் வாசித்துக் காட்ட வரும் கிறிஸ்தவ அம்மாள், வெள்ளைச் சேலையும் தடித்த கண்ணாடியும் அணிந்திருப்பார். கடவுளின் கோபத்தைச் சொல்லும் வரிகளை மட்டும் குரலைத் தாழ்த்தியே வாசிப்பார்.

கால் ஊனமான மகனை யார் கண்ணிலும் படாமல் வளர்த்த பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் அவரிடம் கேட்டாள்: “மாமனாரு குடிச்சிட்டு எல்லாரையும் அழவச்சாரு. அந்தப் பாவந்தான் இவன் கால்ல எறங்கியிருக்குதாம்மா?”

அவர் பைபிளில் எசேக்கியேல் புத்தகத்தைத் திறந்தார். பாவம் செய்தவனே சாவான் என்பதை மெல்லச் சொல்லி, தகப்பன் செய்ததை மகன் சுமப்பதில்லை என்பதைத் தறிச் சத்தத்துக்கும் மேலாக உரக்க வாசித்தார்.

“முதல் வரியை ஏம்மா முணுமுணுத்தீங்க?” என்றேன்.

“கடவுள் நம்மளப் பெத்தவரும்மா. பெத்தவரு கண்டிக்கிறத ஊரக் கூட்டியா சொல்றது?” என்றார் அம்மாள்.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அந்த வருஷம் பெருமாள் கருடசேவை ஊர்வலத்துக்கு மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றாள். கடிந்து பேச நேரும்போதெல்லாம் என் குரல் இன்றும் தாழ்கிறது.