வேறு கலெக்டர் விட்ட லீவு

மழை வலுக்கிற காலையில் மற்ற ஊர்களில் வானத்தைப் பார்ப்பார்கள். பாறசாலைக்கும் செங்கலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், எந்தக் கலெக்டர் என்று பார்ப்போம். திருவனந்தபுரத்துக் கலெக்டர் லீவு விட்டால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு லீவு. ஆனால் ஆட்டோவில் ஏறி ஒரு பாட்டு முடிவதற்குள் தமிழ்நாடு வந்துவிடும். அங்கே கன்னியாகுமரிக் கலெக்டரின் ராஜ்ஜியம். மழைக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டிவிட்டுப் போய்விடும்.

மனைவிக்கு நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்ததால் கோவில்பட்டியிலிருந்து இங்கே குடிவந்தோம். துபாயிலும் டொரண்டோவிலும் இருக்கும் நண்பர்கள் என்னைப் புலம்பெயர்ந்தவர் கணக்கில் சேர்ப்பதில்லை. “காலைல ரயிலேறுனா மத்தியானச் சோத்துக்கு வந்துரலாம், இதுக்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்வி. ஆனால் தன் பெண் யாருடைய ஜோக்குக்குச் சிரிக்கிறாள் என்பதை வைத்துத்தான் ஓர் அப்பன் தான் வந்த தூரத்தை அளக்க முடியும். அந்தக் கணக்குப்படி நான் டொரண்டோவைத் தாண்டி எங்கேயோ இருக்கிறேன்.

நகைச்சுவை எழுதிப் பிழைப்பவன் நான். அகராதியைப் புரட்டி மகளுக்கு இளவேனில் என்று பெயர் வைத்தேன். அவளைப் பள்ளிக்கு ஆட்டோவில் கூட்டிப்போகும் ஜெஸ்டின், முதல் நாளே அதை ‘வேனி’ ஆக்கினார். இப்போது அவளிடம் யார் பெயர் கேட்டாலும் வேனி என்கிறாள். ஜெஸ்டினின் மகள் ஆன்சியும் அதே இரண்டாம் வகுப்பு, அதே பெஞ்சு. வேகத்தடை வந்தால் ஜெஸ்டின், “சுனாமி வருகு, பிடிச்சுக்கிடுங்க மக்கா” என்பார். ஆட்டோ நிறைய பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் நானும் அதே தடையில் அதே சுனாமியைக் கொண்டுவந்து பார்த்தேன். “மெதுவாப் போங்கப்பா” என்றாள் மகள். சாப்பாட்டு மேசையில் “ஜெஸ்டின் மாமன் சொல்லிச்சு” என்று தொடங்கும் வாக்கியங்களை எண்ணிப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். உடம்புக்கு நல்லதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியும்போதே மழை. நான் வழக்கம்போலத் தமிழ்ச் செய்தி வைத்திருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அடியில் எழுத்து ஓடியது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்த மகள் அதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள். வகுப்பில் ஷீபா டீச்சர் எதற்கோ வெளியே போன நேரம் பார்த்து அவளும் ஆன்சியும் பெஞ்சின் மேல் ஏறி, “கலெக்டர் லீவு விட்டாச்சு” என்று அறிவித்தார்கள். ஆன்சி அதை மலையாளத்திலும் சொன்னாளாம். டீச்சர் திரும்பி வந்தபோது வகுப்பு காலி. பையும் குடையுமாகப் பிள்ளைகள் கேட்டுக்கு உள்ளே வரிசையில் நிற்கிறார்கள். வாச்மேன், “நேரத்தே சொல்லக்கூடாதா?” என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சர் எல்லோரையும் திருப்பிக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். கேட்டைத் தாண்டி ஒரு குடைகூடப் போகவில்லை.

மத்தியானத்துக்குள் வகுப்பு வாட்ஸப் குழுவில் குழந்தைகள் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தார்கள். பொய்ச் செய்தி பரப்புவதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று ஒருவர் கேட்டார். சிசிடிவியைப் பார்க்க வேண்டும் என்றார் ஒரு தாய். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தகப்பன் மனநல ஆலோசகரின் எண்ணை அனுப்பினார். நான் கோவில்பட்டியில் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒருவன் சாயந்தர மணியை மத்தியானமே அடித்துவிட்டான். பள்ளிக்கூடமே வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் தலைமையாசிரியர் அவன் காதைத் திருகி, அந்த வருடம் முழுக்க மணியடிக்கும் வேலையை அவனிடமே கொடுத்தார். அவன் வீட்டுக்குச் சேதி போனதாகவே நினைவில்லை. அந்தப் பையன் நானில்லை. அவன்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை உண்டு.

வெள்ளிக்கிழமை மீட்டிங். கோரிக்கை ஒன்றுதான்: இரண்டு பெண்களையும் பிரித்து, ஒருத்தியை ‘பி’ டிவிஷனுக்கு மாற்ற வேண்டும். “இந்நு லீவுந்நு பறஞ்ஞு. நாளெ தீ பிடிச்சுந்நு பறஞ்ஞாலோ?” என்றார் சிசிடிவி கேட்ட தாய். வகுப்பே நெருப்புக்குப் பயந்து ஓடி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நசுங்குவதை எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணால் பார்த்தோம்.

என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இரண்டு நாள் செதுக்கி, மலையாளத்தில் மாற்றி, குளியலறையில் ஒத்திகையும் பார்த்திருந்தேன். தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்வரிசையில் காக்கிச் சட்டையோடு இருந்த ஜெஸ்டின் எழுந்தார்.

“டீச்சரே, பிள்ளைய கள்ளம் ஒண்ணும் சொல்லேல்ல. கலெக்டர் லீவு விட்டது உள்ளதாக்கும். கலெக்டருதான் மாறிப்போச்சு.”

அது என் வாக்கியம். ஒரு சொல் மிச்சமில்லாமல் என் வாக்கியம். அவர் அதை அந்த இடத்திலேயே, எந்தச் செலவும் இல்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாதிப் பேர் சிரித்தார்கள். ஷீபா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்காத பாதி என் பக்கம் திரும்பியது. “சார் எழுதுந்ந ஆளல்லே? சார் பறயட்டே” என்றார் வெளிநாட்டுத் தகப்பன். இந்த ஊர் என்னை எழுத்தாளன் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். பெஞ்சு மாறும், பெஞ்சோடு ஆட்டோவும் மாறும், சாப்பாட்டு மேசையில் மாமன் சொன்னதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ஆன்சி தன் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மகளும் அவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஆன்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெஞ்சை மாத்த வேண்டாம் டீச்சர்,” என்றேன். ஒத்திகை பார்த்த மலையாளமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. “எங்க வீட்டு டிவில சேனலை மாத்திக்கிடுறேன்.”

வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வெளிநாட்டுத் தகப்பன் யோசித்துவிட்டு மெதுவாகத் தலையசைத்தார். சிசிடிவித் தாய், அதுதான் பொறுப்புள்ள பெற்றோருக்கு அழகு என்ற பொருள்பட ஏதோ சொன்னார். “அது மதி சாரே”, அதாவது அது போதும் என்று ஷீபா டீச்சர் முடித்துவைத்தார். வெளியே வந்ததும் ஜெஸ்டின் என் தோளில் தட்டி, “அண்ணாச்சி, நல்லா சொன்னிய. நம்மளுக்கு இப்படியெல்லாம் பேச வராது” என்றார். அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். இப்போது எங்கள் வீட்டில் காலையில் மலையாளச் செய்திதான். தமிழ்ச் செய்தியை நான் அடுக்களைப் பக்கம் போய் செல்போனில், சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் மறுபடி பேய்மழை. கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி என்று போனில் லீவு மாவட்டங்கள் வரிசையாக வந்தன. தூத்துக்குடி என்றால் கோவில்பட்டியும் சேர்த்திதான். என் ஊரில் மழைக்கு லீவு! என் சின்ன வயதில் அங்கே மழை பெய்தால் அதை வேடிக்கை பார்க்கவே பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். வாய் தவறி, “லீவு விட்டாச்சு” என்றேன்.

கூடத்தில் காலுறை மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிரவில்லை. “அது உங்க கலெக்டருப்பா. எங்க கலெக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லேல்ல.”

வாசலில் ஹார்ன். “வா மக்கா, நமக்கு லீவு இல்ல” என்றது ஜெஸ்டினின் குரல். அவள் குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப்போட்டதும் உள்ளிருந்து எழுந்த சிரிப்பு மழையைத் தாண்டி வாசல்வரை கேட்டது. மனைவி முதல் பஸ்ஸுக்கே போயிருந்தாள். பக்கத்து வீடுகளில் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிக் கலெக்டர் விட்ட லீவில், திருவனந்தபுரம் மாவட்டத்து மழையைப் பார்த்தபடி நான் ஒருவன் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.